சாலைத் திட்டமும் நரம்பு வலையும்

1943ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இரண்டாவது உலக மகாயுத்தம் இன்னும் ஓயாதிருந்த நாளில், இந்தியாவின் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் ஒன்றுகூடி, அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தத் தேசத்துக்கு எத்தனை மைல் சாலை வேண்டும் என்பதை ஒரு சூத்திரத்தின் மூலம் நிர்ணயிக்க முயன்றார்கள். சாகுபடி நிலத்தின் பரப்பைச் சதுர மைல் கணக்கில் எடுத்து ஐந்தால் வகுக்க வேண்டும். ஏனைய நிலத்தின் பரப்பை இருபதால் வகுக்க வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை ஜனத்தொகையுள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மைலும், அதனினும் பெரிய ஊர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மைலும் சேர்க்க வேண்டும். எதிர்கால வளர்ச்சியை உத்தேசித்து நூற்றுக்குப் பதினைந்து கூட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ள இருப்புப்பாதையின் நீளத்தைக் கழித்துவிட வேண்டும். நெடுஞ்சாலைகளுக்கும் மாவட்டப் பெருஞ்சாலைகளுக்கும் உரிய நீளம் இவ்வாறு கிடைத்துவிடும். பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் உள்ள எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. சாகுபடி நிலத்துக்கு மட்டும் நான்கு மடங்கு முக்கியத்துவம் எதற்கு, ரயில் ஓடுகிறது என்பதற்காக ஒரு ஜில்லாவின் சாலையைக் குறைப்பது நியாயமா என்று ஆட்சேபிக்க விரும்பியவர், சூத்திரத்தின் எந்த உறுப்பைத் தாம் ஆட்சேபிக்கிறோம் என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது. 1961இல் தொடங்கிய, பம்பாய்த் திட்டம் எனப்பட்ட அடுத்த சாலைத் திட்டம் இருப்புப்பாதையைக் கழிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது.

இந்த மரபில் வந்ததும், நம் பொறியியற் கல்லூரிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருவதுமான மற்றொரு முறை, ஓர் ஊரின் ஜனத்தொகைக்கு இத்தனை அலகு, அவ்வூரின் விளைபொருளுக்கு இத்தனை அலகு என்று பயனை மதிப்பிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு எந்தத் திட்டம் மிகுதியான அலகுகளை ஈட்டுகிறதோ அதனையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அலகுகளை நிர்ணயிப்பதில் தவறு நேரலாம், பட்சபாதமும் நுழையலாம். ஆனால் நுழைந்த பட்சபாதம் அட்டவணையில் அச்சாகி, எல்லார் கண்ணிலும் படும்படி நின்றது. சாலைத் திட்டத்தை விஞ்ஞானமாக்க முனைந்த அந்தத் தலைமுறையிடம் நாம் கற்க வேண்டிய பெரிய பண்பு இது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில், அந்த அட்டவணை இருந்த இடத்தில் இப்போது நரம்பு வலை என்னும் கணினி முறை வந்து அமரத் தொடங்கியிருக்கிறது. அதனுள்ளும் எடைகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் சுட்டி, இது மக்களுக்கு உரியது, இது நெல்லுக்கு உரியது என்று சொல்ல எவராலும் இயலாது.

நாகபுரி மகாநாடு கூடிய அதே 1943ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவில் வாரன் மக்கல்லக் என்னும் நரம்பியல் அறிஞரும் வால்டர் பிட்ஸ் என்னும் இளைஞரும், மூளையின் நரம்பணுவைக் கணித உருவில் வரைந்து காட்டிய கட்டுரையை வெளியிட்டார்கள். 1958இல் பிராங்க் ரோசன்பிளாட், உதாரணங்களைக் கண்டு தானாகவே திருத்திக்கொள்ளும் கருவியொன்றின் தத்துவத்தை விவரித்தார். 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும், விடை பிழைக்கும்போது அப்பிழைக்கு எந்தெந்த எடை எவ்வளவு பொறுப்பு என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வோர் எடையையும் சிறிது சிறிதாகத் திருத்தும் முறையைப் பிரசித்தமாக்கினார்கள். ஆக, நரம்பு வலைக்கு நாம் சூத்திரம் எதையும் கொடுப்பதில்லை. கேள்விகளையும் அவற்றுக்கு உரிய விடைகளையும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். இரண்டையும் இணைக்கும் வழியை அது தானே தேடிக்கொள்கிறது. பல்லாண்டு அனுபவமுள்ள நெல் வியாபாரி ஒரு பிடி நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் இவ்வளவு, அரிசி இவ்வளவு காணும் என்று சொல்லிவிடுவார். எவ்வாறு அறிந்தீர் என்று கேட்டால் அவரால் விதி கூற இயலாது. நரம்பு வலை பெறுகின்ற அறிவும் அத்தகையதே. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காரணம் மட்டும் அதனிடம் கேட்டால் கிடைக்காது.

சாலைகளுக்கு இந்த முறை விசேஷமாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரின் சாலைகள் தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரு சந்திப்பில் ஏற்பட்ட நெரிசல் கால் மணி நேரத்தில் மூன்று சந்திப்புகளுக்கு அப்பால் போய் நிற்கிறது. காலையில் நகரை நோக்கிப் பாய்கின்ற கூட்டம் மாலையில் எதிர்த்திசையில் பாய்கிறது. சாலைத் துண்டு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை ஒரு கோடாகவும் கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளின் நிலைமையைக் கேட்டுத் தன் நிலைமையைக் கணித்துக்கொள்ளும்படி அமைத்த நரம்பு வலைகள், இந்தப் பரஸ்பர சம்பந்தத்தை அப்படியே பிரதிபலிக்கின்றன. இத்துறையில் ஆராய்ச்சி செய்வோர் பெரும்பாலும் உரைகல்லாகக் கொள்வது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து நெடுஞ்சாலைகளில் பதிக்கப்பட்ட 207 உணர்கருவிகள் 2012ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரை பதிவு செய்த வேகங்களை. பதினைந்து நிமிஷத்தில், அரை மணியில், ஒரு மணியில் ஒவ்வோர் இடத்திலும் வேகம் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதே போட்டி. கூகுள் நிறுவனம் தன் வரைபடங்களில் பிரயாண நேரத்தைக் கணிக்க டீப்மைண்ட் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இதே வகை வலையைப் பிரயோகித்து, சில நகரங்களில் கணிப்பின் துல்லியம் பாதியளவு வரை உயர்ந்ததாக 2020இல் அறிவித்தது. கைபேசியில் வழி பார்த்துச் செல்லும் நம்மில் பலர், அறியாமலே இந்தக் கணிதத்தின் பயனை அனுபவித்து வருகிறோம்.

ஆனால் இன்னும் ஒரு மணியில் நேரப்போவதை முன்னறிவது வேறு. எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எந்த ஆற்றின்மேல் பாலம் கட்டுவது, எந்தச் சந்திப்பைத் திருத்துவது என்று தீர்மானிப்பது வேறு. இரண்டாவது பிரச்சினையின் கடினத்தை ஓர் எண்ணால் விளக்கலாம். ஒரு மாவட்டத்தில் நாற்பது வேலைகள் பரிசீலனையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலையையும் செய்யலாம், அல்லது விடலாம். ஆகவே உருவாகக்கூடிய திட்டங்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்டவை. ஒரு பாலத்தின் பயன் மறுகரையில் சாலை அகலமாயிற்றா இல்லையா என்பதைப் பொறுத்திருப்பதால், நாற்பதையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டிவிடவும் முடியாது. ஒரு திட்டத்தின் விளைவை வழக்கமான முறையில் கணிக்கக் கணினிக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும் என்றாலும், எல்லாவற்றையும் கணித்து முடிக்க இருபது லட்சம் ஆண்டுகள் ஆகும். இதனால்தான் இதுவரை பொறியாளர்கள் நான்கைந்து மாற்றுத் திட்டங்களை மட்டும் தம் அனுபவத்தால் வகுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார்கள். சில ஆயிரம் திட்டங்களை முறைப்படி கணித்து, அவ்விடைகளை நரம்பு வலைக்குக் கற்பித்துவிட்டால், பிறகு அது புதிய திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ உரிய விடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லும். கோடிக்கணக்கான சேர்க்கைகளைச் சலித்து, மனிதர் எவரும் நினைத்துப் பாராத பத்துத் திட்டங்களை மேசைமேல் வைக்கும். அந்தப் பத்தை மட்டும் மீண்டும் பழைய முறையில் கவனமாகச் சோதித்துக்கொள்ளலாம். இந்த உதவியை அலட்சியம் செய்வது அறிவுடைமையாகாது. பணம் குறைவாகவும் தேவை மிகுதியாகவும் உள்ள நம் போன்ற தேசத்தில், தவறான இடத்தில் கட்டப்பட்ட ஒரு மேம்பாலத்தின் செலவில் எத்தனை கிராமச் சாலைகள் போட்டிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் இந்த யந்திரத்தை வரவேற்கவே செய்வார்கள். நானும் வரவேற்கிறேன்.

சாலைத் திட்டத்தில் மனித உள்ளுணர்வு எவ்வளவு எளிதில் ஏமாந்துபோகும் என்பதற்கு, 1968இல் டீட்ரிச் பிரேஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் கண்டுகாட்டிய விசித்திரம் நிரந்தரமான சாட்சி. காலையில் நாலாயிரம் வாகனங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக வேண்டும். இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு வழியிலும் ஒரு பகுதி அகன்ற சாலை, எத்தனை வண்டி வந்தாலும் நாற்பத்தைந்து நிமிஷம். மற்றொரு பகுதி குறுகிய சாலை, அதில் நூறு வண்டிக்கு ஒரு நிமிஷம் வீதம் நேரம் கூடும். முதல் வழியில் குறுகிய பகுதி முதலில் வருகிறது. இரண்டாவது வழியில் அது கடைசியில் வருகிறது. வாகனங்கள் இரண்டு வழிகளிலும் சரிபாதியாகப் பிரிந்து செல்லும்; ஒவ்வொருவருக்கும் இருபதும் நாற்பத்தைந்தும் சேர்ந்து அறுபத்தைந்து நிமிஷம் ஆகும். இப்போது சர்க்கார் கருணைகூர்ந்து, இரு வழிகளின் நடுப்புள்ளிகளையும் இணைத்து, கடக்க நேரமே ஆகாத ஒரு புதுச் சாலை போடுகிறது. முதல் வழியின் குறுகிய பகுதியில் புறப்பட்டு, புதுச் சாலையால் குறுக்கே சென்று, இரண்டாவது வழியின் குறுகிய பகுதியில் முடிப்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே லாபமாகத் தோன்றும். ஆகவே நாலாயிரம் பேரும் அவ்வாறே செல்வர். நாற்பதும் நாற்பதும் சேர்ந்து எண்பது நிமிஷம் ஆகும். புதுச் சாலை போட்டதன் பயனாக எல்லாருக்கும் பதினைந்து நிமிஷம் நஷ்டம்! ஒருவர்கூடப் பழைய வழிக்குத் திரும்ப மாட்டார். திரும்பினால் அவருக்கு இன்னும் ஐந்து நிமிஷம் கூடுதலாகும்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தென்கொரியாவின் தலைநகரான சோலில், சொங்யேசொன் ஓடையின்மேல் பல ஆண்டுகளாக நின்ற மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையையே மீட்டெடுத்தபோது, நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்ப்படவில்லை. போடக்கூடாத சாலையும் உண்டு, எடுத்துவிட வேண்டிய சாலையும் உண்டு என்னும் இந்த உண்மையை நம் நாட்டுத் திட்டக்காரர்கள் அரிதாகவே வாயால் சொல்கிறார்கள். லட்சக்கணக்கான சேர்க்கைகளைச் சலிக்கின்ற நரம்பு வலை, சாலைகளைக் கூட்டிப் பார்க்கவும் கழித்துப் பார்க்கவும் ஒரே மனப்பான்மையுடன் இடமளிக்கும். நாடா வெட்டித் திறந்துவைக்கும் ஆசை அதற்கு இல்லை. ஆனால் மக்கள் தம் வழியை மாற்றிக்கொள்வார்கள் என்னும் அந்த நியாயம் அதன் பயிற்சிக் கணக்குகளில் சேர்ந்திருக்க வேண்டும். நேற்றைய வேகங்களை மட்டும் கற்ற வலை, எங்கே கூட்டம் மிகுதியோ அங்கே அகலப்படுத்து என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்து 2011இல் துராண்டன், டர்னர் என்னும் பொருளியலறிஞர் இருவர் வெளியிட்ட முடிவு, நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது என்பது. அகலப்படுத்திய சாலையில் சில ஆண்டுகளில் மீண்டும் நெரிசல் வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் அதனை எண்ணிக் காட்டினார்கள்.

இனி, நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எந்த வலையும் தனக்குக் காட்டப்பட்டதைத்தான் கற்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலையின் உணர்கருவிகள் கண்டது, கோடு பிசகாமல் தத்தம் தடத்தில் ஓடும் கார்களை. நம் சாலையில் பேருந்தும், சரக்கு லாரியும், ஷேர் ஆட்டோவும், மூன்றுபேர் ஏறிய ஸ்கூட்டரும், தள்ளுவண்டியும், கரும்பு ஏற்றிய டிராக்டரும், இவற்றுக்கெல்லாம் இடையே பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பரப்பைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் எடுத்த பத்தாயிரம் படங்களைக் கொண்டு நம் சாலைகளுக்கென்றே ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். ஆட்டோரிக்ஷாவுக்கும் விலங்குகளுக்கும் தனி வகுப்பு அதில் உண்டு. சாலையின் ஓரமாக, தார் இல்லாவிட்டாலும் வண்டி ஏறக்கூடிய மண் பரப்புக்கும் தனி வகுப்பு வகுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய நகரங்களின் படங்களைக் கற்ற கணினிக்கு நம் தெரு விளங்காது என்பதை உணர்ந்து செய்த அரிய தொண்டு அது. இத்தகைய தொகுப்புகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலிருந்தும் கிராமச் சந்தைகளிலிருந்தும் இன்னும் நூற்றுக்கணக்கில் வர வேண்டும்.

ஆனால் படங்களைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று நம் கணக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. சாலையில் செல்லும் எல்லாவற்றையும் கார் என்னும் ஒரே அளவையால் அளப்பது நம் வழக்கம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் கிராமப்புறச் சாலைகளின் கொள்ளளவு பற்றி 1990இல் வெளியிட்ட வழிகாட்டியில், மோட்டார் சைக்கிள் அரைக் கார், பேருந்தும் லாரியும் மூன்று கார், கைவண்டி மூன்று கார், மாட்டுவண்டி எட்டுக் கார். இந்த எண்கள் மாட்டுவண்டியின் தேவையைக் குறிப்பவை அல்ல. காருக்கு அது தருகின்ற இடைஞ்சலைக் குறிப்பவை. நடந்து செல்பவருக்கோ அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேலைக்காக வீட்டைவிட்டு வெளியே செல்வோரில் நடந்து செல்வோரே மற்ற எந்த வாகனத்தில் செல்வோரையும்விட அதிகம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். கணக்கில் பூஜ்யமாகவும் அரையாகவும் நிற்பவர்கள்தாம் மரணத்தில் பெரும்பங்கு வகிக்கிறார்கள். இதே அட்டவணையிலிருந்து தயாரான புள்ளிவிவரங்களை நரம்பு வலைக்கு ஊட்டி, பிரயாண நேரம் மிகக் குறைவாகும் திட்டத்தைத் தேடு என்று கட்டளையிட்டால், அது நேர்மையாகவும் திறமையாகவும், நடப்பவருக்குக் கடக்க முடியாத சாலைகளை நமக்கு வகுத்துக் கொடுக்கும். யந்திரத்தின்மேல் குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தது.

கைபேசியிலிருந்து திரட்டப்படும் புள்ளிவிவரங்கள் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சொல்கிறார்கள். வாகனத்தில் செல்வோரைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் கட்டாயமான பாஸ்டேக் முறையும், எந்த வண்டி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு அறிய வழி செய்கிறது. ஆனால் பாலம் இல்லாத ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே எந்தக் கைபேசியும் பிரயாணம் செய்வதில்லை. மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் மலைக்கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்ணின் பிரயாணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வலைக்கு அது போக்குவரத்து இல்லாத இடம். ஆகவே சாலை தேவையில்லாத இடம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் ஐந்நூறு பேருக்கு மேலும், மலையிலும் பாலைவனத்திலும் பழங்குடிப் பகுதிகளிலும் இருநூற்றைம்பது பேருக்கு மேலும் வசிக்கும் குடியிருப்பு எதுவாயினும் அதற்கு எக்காலத்துக்கும் உரிய சாலை ஒன்று கிடைக்க வேண்டும் என்று விதித்தது. எத்தனை வண்டி ஓடும் என்று அது முதலில் கேட்கவில்லை. அன்று ஒரு நரம்பு வலையிடம் போக்குவரத்தை மட்டும் காட்டி ஆலோசனை கேட்டிருந்தால், அந்தச் சாலைகளில் மிகப் பலவற்றை அது நிராகரித்திருக்கும். குடியிருப்பவர்களுக்குச் சாலை பெறும் உரிமை உண்டு என்னும் நியாயத்தை எந்தப் புள்ளிவிவரமும் தானாக ஈன்று தராது. மக்கள் பிரதிநிதிகள் அதனை முன்னதாகவே விதியாக வகுத்து, அதன் எல்லைக்குள் தேடும்படி யந்திரத்துக்கு ஆணையிட வேண்டும்.

நரம்பு வலையை நம் நாட்டில் முதன்முதலாக எங்கே முழுமனத்தோடு பிரயோகிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், விபத்துத் தடுப்பில் என்பேன். ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைத்த விபத்துகள் ஐந்து நேர்ந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோதான் தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் கரும்புள்ளி என்று அறிவிக்கப்படுகிறது. ஐந்து கொடிய விபத்துகளோ பத்து மரணங்களோ நேரும்வரை காத்திருக்கின்ற வரையறை அது. சாலை மகாநாடு நடந்த அதே நாகபுரியில் 2021இல் தொடங்கிய ஐராஸ்டே என்னும் முயற்சி, நகரப் பேருந்துகளில் காமிராக்களைப் பொருத்தி, மோதல் நேராமல் மயிரிழையில் தப்பிய தருணங்களைப் பதிவு செய்து, இன்னும் கரும்புள்ளியாகாத அபாயப் பகுதிகளை முன்னதாகவே கண்டுகொள்ள முனைந்தது. விபத்து நேர்ந்தவுடன் காவலர் கைபேசியிலேயே விவரங்களைப் பதியும் தேசியத் தரவு முறையை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி.; தமிழ்நாடு அதனை முதன்முதலில் கையாண்ட மாநிலங்களுள் ஒன்று. அதற்கு அவசியமும் இருந்தது: 2022இல் இந்தியாவில் மிகுதியான விபத்துகள் நேர்ந்த மாநிலம் தமிழ்நாடே, 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். வளைவின் கூர்மை, விளக்கின் வெளிச்சம், கடைகளின் நெருக்கம், பேருந்து நிறுத்தம் இருக்கும் இடம், பள்ளி விடும் நேரம் என்று நூறு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இப்பிரச்சினையில், மனிதக் கண்ணுக்குத் தப்புகின்ற சேர்க்கைகளை வலை கண்டுபிடிக்கும். அது சொல்லும் இடத்துக்கு ஒரு பொறியாளர் நேரில் சென்று பார்க்கட்டும். வேகத்தடையும் நடைபாதையும் விளக்கும் போட்டுப் பயனில்லையென்று தெரிந்தால் நஷ்டம் சொற்பம். போடாமல் விட்டு ஒரு குடும்பம் தலைவனை இழந்தால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய எதுவும் இல்லை. பிழையின் விலை குறைவாகவும் பயன் உயிராகவும் உள்ள இத்துறையை விட்டுவிட்டு, பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சுற்றுச்சாலைகளுக்கு முதலில் யந்திரத்தின் அங்கீகாரத்தைத் தேடுவது முறையன்று.

ஏனெனில் பெருந்திட்டங்களில் முன்கணிப்பு என்பது கணிதம் மட்டும் அல்ல. அது பணத்தையும் பதவியையும் தழுவி நிற்கிறது. பெந்த் பிளைபியர் என்னும் டென்மார்க் அறிஞரும் அவருடைய சகாக்களும் பதினான்கு நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சாலைத் திட்டங்களில் பாதிக்கு, முன்கணித்த போக்குவரத்துக்கும் மெய்யாக வந்த போக்குவரத்துக்கும் இடையே நூற்றுக்கு இருபதுக்கு மேல் வித்தியாசம் இருந்தது; நான்கில் ஒன்றுக்கு நாற்பதுக்கு மேல். திட்டத்தைக் கட்டிவிட வேண்டும் என்று விரும்புவோர் கையில் நேற்று இருந்தது நிபுணரின் அறிக்கை. நாளை இருக்கப்போவது கணினியின் அறிக்கை. நிபுணரையாவது பொதுக்கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். ‘யந்திரம் சொல்லிவிட்டது’ என்னும் சொல்லுக்கு எதிரே, வயலையும் வீட்டையும் இழக்கப்போகும் குடியானவர் என்ன வாதத்தை எடுத்துவைப்பார்? காரணம் கூறாத ஆணைக்குப் பணியும் பழக்கம் ஜனநாயகத்துக்கு உகந்ததல்ல, அந்த ஆணை எத்துணை சரியாக இருப்பினும்.

ஆகவே நெடுஞ்சாலைத் துறையாரிடமும், நகர ஊரமைப்பு அதிகாரிகளிடமும், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைக்கு வாக்களிக்கும் உறுப்பினர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இது. யந்திரம் எந்த நன்மையை நாடித் தேடியது என்பதை, நாகபுரிச் சூத்திரத்தைப்போல ஒரு பக்கத்தில், தமிழில், எவரும் படிக்கும்படி எழுதி வெளியிடுங்கள்: பிரயாண நேரத்துக்கு எவ்வளவு, உயிருக்கு எவ்வளவு, நடப்பவருக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்கு எவ்வளவு, இழக்கப்படும் நஞ்சைக்கு எவ்வளவு. அந்த எடைகளை வைக்கும் அதிகாரம் கணினி நிறுவனத்துக்கோ அதன் ஆலோசகருக்கோ உரியதன்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு உரியது. சபை எடைகளை மாற்றினால் திட்டம் எவ்வாறு மாறும் என்பதைச் சில நிமிஷங்களில் காட்டிவிட யந்திரத்தால் முடியும். பழைய சூத்திரத்தால் முடியாத காரியம் அது, அதனை ஏன் பயன்படுத்தக் கூடாது? பயிற்சிக்குப் பயன்பட்ட புள்ளிவிவரங்கள், தனிமனிதரை அடையாளம் காட்டாத வடிவில், பல்கலைக்கழகங்களுக்குத் திறந்து வைக்கப்படட்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் அடிக்கல் நாட்டும் முன்பே, மூன்றாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை வாகனங்கள் வரும், எத்தனை விபத்துகள் குறையும் என்று வலை சொன்ன எண்கள் அச்சிடப்பட வேண்டும். அந்தந்த ஆண்டு வந்ததும், மெய்யான எண்கள் அவற்றுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்பட வேண்டும். பொய்த்த கணிப்புகளைக் கண்டு திருத்திக்கொள்ளும் ஆற்றலே நரம்பு வலையின் உயிர். கணித்ததையும் நடந்ததையும் ஒப்பிடாத நிர்வாகத்தில் அது உயிரற்றுப் போகும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ சாலைத் திட்டமொன்று கருத்துக் கேட்புக்கு வரும்போது, கணினியின் வர்ண வரைபடத்தைக் கண்டு மலைத்து எழுந்து வந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் நடந்து செல்பவருக்கு என்ன எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.